எத்தனை பேப்பர்?

போன மாங்காய் சீசனில் ஒரு நாள், ராத்திரி பத்தரை மணிக்கு அக்கா மகன் போன் செய்தான். "மாமா, திருப்பதியிலதான் இருக்கீங்களா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வர முடியுமா? அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

நல்ல சேதி சொல்லப்போகிறவன் அம்மாவிடம் ஒளிக்க மாட்டான். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மலையிறங்கி வந்த கூட்டத்தில், சந்தனம் பூசிய மொட்டைத் தலைகளுக்கு நடுவே, பையை மடியில் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இன்ஜினீயரிங் நாலாம் வருஷம் முடிந்துவிட்டது. ஹாஸ்டலைக் காலி செய்தாகிவிட்டது. சித்தூரில் அக்கா, 'என் பையன் இன்ஜினீயர்' என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. அவன் கணக்கில் ஏழு பேப்பர் பாக்கி. "சாயங்காலத்திலேர்ந்து நாலு சித்தூர் பஸ் போச்சு மாமா. ஏறத் தோணல" என்றான்.

தமிழ்நாட்டில் இதற்கு அரியர் என்று பெயர். 'கப்பு' என்று செல்லமாகவும் சொல்வார்கள். எல்லை தாண்டி ஆந்திராவுக்குள் வந்தால் பேக்லாக். அதை எழுதித் தேறும் பரீட்சை சப்ளி. மார்க் ஷீட்டுக்கு மெமோ. சித்தூர்த் தமிழன் வீட்டில் இந்த இரண்டு அகராதியும் கலந்து புழங்கும். "அரியரை சப்ளியில முடிச்சுட்டேன்" என்பது எங்கள் ஊரில் சுத்தமான தமிழ் வாக்கியம்.

டீக்கடைக்கு அழைத்துப்போனேன். "என்னென்ன பேப்பர்?" என்று கேட்டதும் திகைத்தான். ஏழு என்று தெரியும். எந்த ஏழு, எதில் எவ்வளவு குறைந்தது என்று மூன்று செமஸ்டராக அவன் மெமோவைத் திறந்தே பார்க்கவில்லை. ரிசல்ட் வந்ததும் எஃப் எத்தனை என்று எண்ணிவிட்டு, போனைக் கவிழ்த்துவிடுவானாம்.

அவனுக்கு விதி தெரியாமல் இல்லை, அத்துப்படி. எனக்கே அவன்தான் பாடம் எடுத்தான். இந்தப் பக்கத்து இன்ஜினீயரிங் காலேஜ்கள் பலவும் அனந்தப்பூர் ஜேஎன்டியுவின் கீழ் வருபவை. அங்கே ஒரு தியரி பேப்பருக்கு இன்டர்னல் 30, பரீட்சை 70. பரீட்சையில் 35 சதவீதம், அதாவது 25 மார்க் எடுக்க வேண்டும். இரண்டும் சேர்த்து 40 வர வேண்டும். இன்டர்னலில் 12 வாங்கியவன் பரீட்சையில் 28 எடுக்க வேண்டும். 18 வாங்கியவனுக்கு 25 போதும். வருகைப்பதிவு 75 சதவீதம் வேண்டும். 65-க்கும் 75-க்கும் நடுவே இருந்தால் பணம் கட்டிக் காண்டொனேஷன் வாங்கலாம். 65-க்குக் கீழே போனால் டிடெய்ன், ஜூனியர்களோடு உட்கார வேண்டியதுதான். நாலு வருஷப் படிப்பை முடிக்க எட்டு வருஷம் வரை அவகாசம் உண்டு. தன்னாட்சிக் காலேஜ்களில் சில்லறை வித்தியாசம் இருக்கும், அவ்வளவுதான்.

இத்தனையும் ஒப்பித்தவன் தன் கணக்கை மட்டும் போடவில்லை. டீக்கடைக்காரரிடம் பேனா வாங்கி, ஒரு பில்லின் பின்பக்கத்தில் போட ஆரம்பித்தோம். ஒரு பேப்பரில் நாலு மார்க் குறைவு. இன்னொன்றில் மூன்று. மற்றொன்றில் ஆறு. ஒன்றுக்குக் காய்ச்சல் என்று போகவே இல்லை, இன்டர்னலில் 22 இருக்கிறது. ஒன்று லேப் பார்ட்னரை நம்பிக் கெட்டது. மீதி இரண்டும் கணக்கு. அவை நிஜமாகவே கஷ்டம், அடியிலிருந்து படித்தாக வேண்டும். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது மணி பன்னிரண்டாகிவிட்டது. பஸ் ஸ்டாண்டில் ஏழாக இருந்தது டீக்கடையில் இரண்டாகவில்லைதான். ஆனாலும் ஏழும் ஒரே சைஸ் இல்லை என்பதாவது தெரிந்துபோயிற்று.

"இதை வீட்டுல எப்படி மாமா சொல்றது?"

அப்போதுதான் காணிப்பாக்கம் கதையை அவனிடம் சொன்னேன். அதுவரை எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மட்டும் தெரிந்த கதை, அல்லது நான் அப்படி நினைத்திருந்த கதை.

1998. திருப்பதியில் ஒரு காலேஜில் பி.எஸ்ஸி. கடைசி வருஷம். அப்போதெல்லாம் ரிசல்ட் தெலுங்குப் பேப்பரில் வரும், எறும்பு வரிசை மாதிரி ஹால் டிக்கெட் நம்பர்கள். என் நம்பருக்கு முந்தின நம்பர் இருந்தது, பிந்தின நம்பரும் இருந்தது. நடுவில் இருந்தது ஒரு கமா மட்டும்தான்.

அப்பா மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் எடைமேடை கிளார்க். சித்தூரில் ஜூன், ஜூலை என்றால் தோதாபுரி லாரிகள் ரோட்டோரம் மைல் கணக்கில் நிற்கும், ஃபேக்டரி ராத்திரி பகலாக ஓடும். நைட் ஷிஃப்ட் முடிந்து, சட்டையெல்லாம் மாங்காய்ப் பால் வாசனையோடு வந்து, "நம்பர் இருக்கா?" என்று கேட்டார். பேப்பரை விரித்து, என் நம்பருக்கு அடுத்த நம்பர் மேல் விரலை வைத்தேன். அப்பாவுக்கு என் நம்பர் தெரியாது. விரலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சரி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனார்.

பொய்யைத் திட்டம் போட்டுச் சொல்லவில்லை. விரல்தான் சொன்னது. ஆனால் சொன்ன பிறகு அதற்குத் தீனி போட்டாக வேண்டுமே. மெமோ எப்போ வரும், எம்.எஸ்ஸி. எங்கே என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். ஒவ்வொரு பதிலுக்கும் முந்தின பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. சப்ளிக்கு ஃபீஸ் கட்டக் கடைசித் தேதி வந்தது, போயிற்று. கட்டப் பணம் கேட்டால் உண்மை வெளியே வந்துவிடும். சிலபஸில் இருந்ததைவிட இந்த வேலை எனக்கு அதிகம்.

அம்மா, பையன் பாஸானால் காணிப்பாக்கத்தில் தேங்காய் உடைப்பதாக வேண்டியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை கிளம்பச் சொன்னாள். எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

காணிப்பாக்கம் தெரியாதவர்களுக்கு: சித்தூரிலிருந்து பதினொரு கிலோமீட்டர், வரசித்தி விநாயகர், கிணற்றுக்குள்ளிருந்து எழுந்த பிள்ளையார். முதலாம் குலோத்துங்கன் கட்டிய கோயில் என்பார்கள். ஆனால் ஊரில் அவருக்கு இருக்கும் பெயர் வேறு, அவர் சத்தியத்தின் சாமி. கொடுத்த கடனை வாங்கவில்லை என்பவனையும், எல்லைக் கல்லை நகர்த்தவில்லை என்பவனையும் பஞ்சாயத்து அங்கேதான் அனுப்பும். குளத்தில் முழுகி ஈரத்துணியோடு சாமி முன் நின்று பிரமாணம் செய்ய வேண்டும். அங்கே பொய் சொன்னவன் உருப்பட்டதில்லை என்பது எங்கள் மாவட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். குடியை விடுகிறேன் என்று அங்கே சத்தியம் செய்தவனிடம் யாரும் கிளாஸை நீட்ட மாட்டார்கள்.

அந்தக் குளத்துப் படிக்கட்டில், "காலைக் கழுவிட்டு வாடா" என்றார் அப்பா. எனக்குக் கால் இறங்கவில்லை. "அப்பா, நான் பெயில்" என்றேன்.

அம்மா கையில் தேங்காய்த் தட்டு. அப்பா ஒரு நிமிஷம் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு லாரி டிரைவரிடம் கேட்கிற அதே குரலில் கேட்டார்: "எத்தனை பேப்பர்?"

"ரெண்டு."

"ரெண்டா? ரெண்டு வாரமா நீ சரியாச் சோறு திங்கல. நான் வேற என்னமோன்னு பயந்துட்டிருந்தேன்."

அம்மா அழுதாள், ஓர் அடியும் வைத்தாள். தேங்காயை மட்டும் திருப்பி எடுத்துப்போகவில்லை. வேண்டினது வேண்டினதுதான், பாக்கி இரண்டுக்கும் பிள்ளையார் இதையே அட்வான்ஸாக வைத்துக்கொள்ளட்டும் என்று உடைத்தாள். அதற்கு முந்தின வருஷம்தான் அக்காவுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புகுந்த வீட்டில் அவளுக்குத் தலைகுனிவு வேண்டாம், அவளுக்கு மட்டும் சொல்ல வேண்டாம் என்று மூவரும் பேசி முடித்துக்கொண்டோம்.

டிகிரி முடியாது என்ற பயத்துக்கு மருந்து சொல்கிறவர்கள் உடனே மேதைகளைக் கூப்பிடுவார்கள். எனக்கு அதில் நம்பிக்கை குறைவு. ராமானுஜன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கும்பகோணம் காலேஜில் எஃப்.ஏ. படிக்கும்போது கணக்கைத் தவிர எதையும் தொடாமல் ஸ்காலர்ஷிப்பை இழந்தார், பிறகு சென்னை பச்சையப்பனிலும் எஃப்.ஏ. தேறவில்லை. மேடைப் பேச்சாளர் இங்கிருந்து ஒரே தாவாகக் கேம்பிரிட்ஜுக்குப் போய்விடுவார். ஒன்றை மட்டும் விட்டுவிடுவார். 1905-இல் அந்த 17 வயதுப் பையன் வீட்டில் சொல்லாமல் விசாகப்பட்டினத்துக்கு ஓடிப்போனான். காணவில்லை என்று 'தி இந்து'வில் சேதி வந்தது. கணித மேதைக்கும் பெயிலானதை அம்மாவிடம் சொல்வது கணக்கைவிடக் கஷ்டமாகத்தான் இருந்திருக்கிறது. பையன்களுக்குச் சொல்ல வேண்டியது இந்தப் பகுதியை.

இன்னும் பக்கத்தில் ஒரு கதை உண்டு. நெடுங்காலம் சித்தூர் மாவட்டத்தில் இருந்த மதனப்பள்ளியில் 1895-இல் பிறந்தவர் ஜே.கிருஷ்ணமூர்த்தி. பள்ளிக்கூடத்தில் மந்தம் என்று பெயர் வாங்கியவர். அன்னி பெசன்ட் அம்மையார் 1911-இல் அவரையும் தம்பி நித்யாவையும் இங்கிலாந்துக்கு அழைத்துப்போனார். ஆக்ஸ்போர்டில் இடம் கிடைக்கவில்லை. லண்டன் பல்கலைக்கழக மெட்ரிகுலேஷனைத் திரும்பத் திரும்ப எழுதியும் தேறவில்லை. கூடவே எழுதிய தம்பி தேறி, சட்டம் படிக்கப் போனார். ஒரே அறையில் படித்து, தம்பி பாஸாகி அண்ணன் பெயிலாகும் ராத்திரி எப்படி இருக்கும் என்று இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் சொல்லத் தேவையில்லை. பிற்பாடு உலகம் முழுக்கப் பேசினார், மதனப்பள்ளி பக்கத்திலேயே ரிஷிவேலி பள்ளி உருவானது. ஆனால் அவர் தேறாத வருஷங்களில் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பெசன்ட் அம்மையார் இருந்தார். எடைமேடை கிளார்க்கின் மகனுக்கு யார் இருக்கிறார்கள்?

சந்திரபாபு நாயுடுவும் இந்த ஊர்க்காரர்தான். நாராவாரிபள்ளியிலிருந்து வந்து, திருப்பதி எஸ்.வி. ஆர்ட்ஸ் காலேஜில் பி.ஏ., எஸ்.வி. யுனிவர்சிட்டியில் பொருளாதாரத்தில் எம்.ஏ. பிஎச்.டி.யும் ஆரம்பித்தார், முடிக்கவில்லை. 1978-இல் சந்திரகிரி எம்.எல்.ஏ. ஆகிவிட்டார். அந்த பிஎச்.டி. என்னாயிற்று என்று இன்றுவரை யாரும் அவரைக் கேட்டதில்லை. போக இடம் இருந்து படிப்பை விடுவது ஒன்று. போக்கிடமில்லாமல் படிப்பு நம்மை விடுவது வேறு. இரண்டையும் ஒரே 'டிராப்-அவுட்' என்ற வார்த்தைக்குள் போட்டு, பில் கேட்ஸையும் கூட இழுத்து வருகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

இங்கே படிப்பு பாதியில் நிற்பதற்கு மூளை காரணமாவது குறைவு. முதலில் மொழி. சித்தூர், நகரி, சத்தியவேடு, குப்பம் பக்கங்களில் பத்தாவது வரை தமிழ் மீடியத்தில் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் உண்டு. வீட்டில் தமிழ், பஸ்ஸில் தெலுங்கு, பரீட்சைப் பேப்பரில் இங்கிலீஷ். 2021-22 முதல் ஆந்திராவில் டிகிரி முழுக்க இங்கிலீஷ் மீடியம் என்று அரசு அறிவித்தது. தெலுங்கு மீடியத்துப் பிள்ளையே தடுமாறினால், தமிழிலிருந்து தெலுங்குக்குத் தாவி, மூச்சு வாங்குவதற்குள் இங்கிலீஷுக்குத் தாவுகிற பிள்ளை என்ன செய்யும்? முதல் வருஷம் பாடம் புரியாமலே போகும். அந்த வருஷத்து பேக்லாக்தான் கடைசி வருஷம் வரை கூட வரும்.

அடுத்தது பணம். 2008-இல் ஒய்.எஸ்.ராஜசேகர ரெட்டி கொண்டுவந்த ஃபீஸ் ரீஇம்பர்ஸ்மென்ட் இல்லையென்றால், இந்த மாவட்டத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் காலேஜ் வாசலைப் பார்த்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். பெயர் மாறி, ஜகன் ஆட்சியில் அது 'வித்யா தீவெனா' ஆனபோது பணத்தை அம்மாக்களின் கணக்கில் போட்டார்கள். நல்ல நோக்கம்தான். ஆனால் அதற்கும் 75 சதவீத வருகைப்பதிவு வேண்டியிருந்தது. பையன் கிளாஸுக்குப் போகாவிட்டால் அம்மாவின் பாஸ்புக் காட்டிக்கொடுத்தது. அரசுப் பணம் தாமதமானால் காலேஜ் பிள்ளையைத்தான் நெருக்கும். ஹால் டிக்கெட் தரமாட்டேன், சர்டிஃபிகேட் தரமாட்டேன் என்கிற பேச்சு எழாத வருஷம் இல்லை. ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் காலேஜ் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே அறிவித்திருப்பது எத்தனை பெற்றோருக்குத் தெரியும்?

பெண் பிள்ளையாக இருந்தால் கதையே வேறு. பையனுக்கு அரியர் வந்தால் சப்ளி எழுதுவான். பெண்ணுக்கு அரியர் வந்தால் மாப்பிள்ளை வந்துவிடுவான். 'மீதியைக் கல்யாணத்துக்கு அப்புறம் எழுதிக்கட்டும்' என்று சொல்லி அனுப்பிய புஸ்தகப் பெட்டிகள் எங்கள் தெருவிலேயே இரண்டு வீட்டுப் பரணில் இருக்கின்றன.

வழிகள் இல்லாமல் இல்லை. இந்தியாவின் முதல் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1982-இல் அன்றைய ஆந்திராவில்தான் தொடங்கியது, இன்று அதற்கு அம்பேத்கர் பெயர். 1985-இல் இக்னோ வந்தது. எஸ்.வி. யுனிவர்சிட்டியே தொலைதூரக் கல்வி நடத்தியிருக்கிறது. புதிய கல்விக் கொள்கை வந்த பிறகு, படித்த வரைக்கும் கிரெடிட்டைச் சேமித்து வைக்க 2021-இல் 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' தொடங்கியிருக்கிறார்கள். ஒரு வருஷத்தில் நின்றால் சர்டிஃபிகேட், இரண்டில் டிப்ளமோ. காகிதத்தில் அழகாக இருக்கிறது. அந்த ஒரு வருஷ சர்டிஃபிகேட்டை நீட்டினால் வேலை கொடுக்கிற முதலாளியையும், பெண் கொடுக்கிற மாமனாரையும் நான் இன்னும் சந்திக்கவில்லை. ஆனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்கிற அளவுக்கு அது பெரிய விஷயம்.

மொத்தமாக மன்னித்துவிடுவதும் வழியாகாது. 2020 ஆகஸ்டில், கொரோனா சமயத்தில், தமிழ்நாட்டில் எடப்பாடி பழனிசாமி அரசு அரியர் பரீட்சைகளை ரத்து செய்தபோது மாணவர்கள் பேனர் வைத்துக் கொண்டாடினார்கள். அடுத்த வருஷமே சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்காமல், பரீட்சை வைக்கச் சொல்லிவிட்டது. அதைவிட எனக்குப் பிடித்தது அண்ணா பல்கலைக்கழகம் 2021 கடைசியில் கொடுத்த சிறப்பு வாய்ப்பு. இருபது வருஷத்துக்கு முன் சேர்ந்து பாக்கி வைத்தவர்களும் வந்து எழுதலாம் என்றார்கள். நரைத்த தலையோடு ஹால் டிக்கெட் வாங்கியவர்களுக்கு அதில் வெட்கம் இருந்திருக்கும். வீட்டுக்குத் தெரியாத ரகசியம் மட்டும் இருந்திருக்காது.

ரகசியம்தான் ஆளைத் தின்கிறது. தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2022-இல் மட்டும் 13,044 மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். விசாகப்பட்டினத்தில் நீட் கோச்சிங் போன ஒரு மாணவியின் மரணத்தில் அவள் தந்தை தொடர்ந்த வழக்கில்தான், 2025 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றம் கல்வி நிறுவனங்களுக்கு நெறிமுறைகள் விதித்தது. நூறு மாணவர்களும் அதற்கு மேலும் உள்ள இடத்தில் பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும். உதவி எண்களைக் கண்ணில் படும்படி எழுதி வைக்க வேண்டும். அரசின் 'டெலி-மானஸ்' எண் 14416. ராத்திரி ரெண்டு மணிக்கும் எடுப்பார்கள், காசு கிடையாது. அக்கா மகன் போன் செய்ய மாமா என்று நான் இருந்தேன். எல்லோருக்கும் பஸ் ஸ்டாண்டு தூரத்தில் மாமா இருப்பதில்லை. வாசிக்கிற நீங்கள் யாருக்காவது மாமாவோ அத்தையோ சித்தப்பாவோ என்றால், ரிசல்ட் வாரத்தில் "பாஸா?" என்று கேட்காமல் போன் செய்யலாம். அப்பா கேட்டதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 'ஏன்டா பெயிலானே' என்று கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. எத்தனை என்று கேட்டார், அதற்குப் பதில் இருந்தது.

அன்று ராத்திரி பையன் என் அறையில் படுத்தான். விடிகாலை முதல் பஸ்ஸில் இருவரும் சித்தூருக்குக் கிளம்பினோம். சந்திரகிரிக் கோட்டை தாண்டும்வரை டீக்கடை பில்லைக் கையிலேயே வைத்திருந்தான். பூதலப்பட்டு வந்ததும் மடித்துச் சட்டைப்பையில் போட்டான். காணிப்பாக்கம் போர்டு கண்ணில் பட்டபோது, "இறங்கணுமா மாமா?" என்று சிரித்தான். வேண்டாம் என்றேன்.

அக்கா வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்றிருந்தாள். எங்கள் இருவரையும் சேர்ந்தாற்போல் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

"அம்மா, ஏழு பேப்பர் நிக்குது" என்றான் பையன்.

அக்கா அவனை ஒன்றும் சொல்லவில்லை. டப்பாவைத் திண்ணையில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏழா? உனக்கு ரெண்டுதானேடா இருந்துச்சு?"